டேட்டாவுல இருந்து டிரான்சியன்ட் ரெஸ்பான்ஸ் எடுக்கிறது எப்படி: ஸ்டெப் டெஸ்ட்ல ஆரம்பிச்சு ரெகுலரைசேஷன் வரைக்கும் முழுமையான வழிகாட்டி

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ற பசங்களும் சரி, பிளான்ட்ல வேலை பாக்குற இன்ஜினியர்களும் சரி, இன்புட் அவுட்புட் டேட்டா கைக்கு வந்த உடனே டூல்பாக்ஸைத் திறந்து ஒரு டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனை, அதாவது இன்புட்டை அவுட்புட்டோட இணைக்கிற கணித மாடலை, ஃபிட் பண்ணிடுறாங்க. ரெண்டு போல், ஒரு ஸீரோன்னு ஏதோ ஒரு ஆர்டரை (மாடல் எவ்ளோ சிக்கலானதுங்கிற அளவு) குடுத்து, வர்ற ஃபிட் சதவீதத்தை ரிப்போர்ட்ல போட்டு முடிச்சுடுறாங்க. அந்த சிஸ்டத்துல டெட் டைம், அதாவது இன்புட் மாறியும் அவுட்புட் அசையாம இருக்கிற நேரம், எவ்ளோன்னு கேட்டா பதில் இல்ல, இன்புட்டை ஏத்துனா அவுட்புட் முதல்ல எதிர்த் திசையில போய்ட்டு வருதான்னு கேட்டா அதுக்கும் பதில் இல்ல. நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான்: மாடலுக்கு முன்னாடி டிரான்சியன்ட் ரெஸ்பான்ஸைப் பாருங்க, அதாவது இன்புட் மாறினதும் அவுட்புட் புது நிலைல போய் நிக்கிற வரைக்கும் எப்படி நகருதுன்னு. எந்த ஆர்டரும் முன்கூட்டியே முடிவு பண்ணாம, டேட்டா தானா என்ன சொல்லுதுன்னு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸாவும் ஸ்டெப் ரெஸ்பான்ஸாவும் வரைஞ்சு, அதுக்கு மேல நம்பிக்கை எல்லையையும் (நாய்ஸால மட்டுமே எவ்ளோ வரலாம்கிற பட்டை) போட்டுப் பாத்துட்டா, மாடல் தேர்வுல பாதி வேலை அங்கயே முடிஞ்சிடும்.

முதல்ல, நாம எதைத் தேடுறோம்

ஒரு லீனியர் சிஸ்டத்துக்கு ஒரே ஒரு சாம்பிள் நேரம் மட்டும் 1 அளவு இன்புட் குடுத்துட்டு நிறுத்திட்டா, அவுட்புட் அடுத்தடுத்த சாம்பிள்ல என்னென்ன மதிப்பு எடுக்குதோ அந்த வரிசைதான் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். அதுல இருக்கிற ஒவ்வொரு எண்ணையும் டேப்னு சொல்லுவோம். இப்ப இருக்கிற அவுட்புட்டுங்கிறது, போன சாம்பிள் இன்புட் × முதல் டேப், அதுக்கு முந்தின இன்புட் × ரெண்டாவது டேப், இப்படியே எல்லாத்தையும் கூட்டி, மேல கொஞ்சம் நாய்ஸ் சேர்த்தது. டேப்களை வரிசையா கூட்டிக்கிட்டே போனா ஸ்டெப் ரெஸ்பான்ஸ் (இன்புட்டை 1 ஏத்தி அப்படியே வச்சா அவுட்புட் போற வழி) வந்துடும். எல்லா டேப்பையும் கூட்டினா ஸ்டெடி ஸ்டேட் கெயின், அதாவது இன்புட் 1 கூடினா அவுட்புட் கடைசில எவ்ளோ மாறும்கிறது. மொத்த கதையும் இந்த டேப்களுக்குள்ளதான் இருக்கு, அதை நாய்ஸுக்கு நடுவுல இருந்து எப்படி வெளிய எடுக்கிறதுங்கிறதுதான் இந்த வழிகாட்டி.

பேச்சு காத்துல போகாம இருக்க ஒரு உதாரணத்தைக் கூடவே வச்சுக்குவோம். ஒரு அலுமினிய பிளாக், உள்ள கார்ட்ரிட்ஜ் ஹீட்டர், கொஞ்சம் தள்ளி ஓட்டை போட்டு சொருகின கே டைப் தெர்மோகப்பிள், பக்கத்துல ஓடிக்கிட்டே இருக்கிற சின்ன ஃபேன், ஆர்டுயினோ. இன்புட் ஹீட்டருக்குப் போற பிடபிள்யூஎம் சதவீதம் (ஹீட்டரை வேகமா ஆன் ஆஃப் பண்ணும்போது எவ்ளோ பங்கு நேரம் ஆன்ல இருக்குங்கிறது), அவுட்புட் டெம்பரேச்சர். கணக்கு புரியணும்கிறதுக்காக எண்களை வசதியா எடுத்திருக்கேன், முறை எல்லா சிஸ்டத்துக்கும் ஒண்ணுதான்.

படி 1: சென்சாரும் சாம்பிளிங் நேரமும்

டேட்டா எடுக்கிறதுக்கு முன்னாடி சென்சார் எவ்ளோ நுணுக்கமா படிக்குதுன்னு பாருங்க. இந்த மாதிரி செட்டப்ல நிறைய பேர் போடுற மேக்ஸ்6675 சிப்போட ரெசல்யூஷன் 0.25 டிகிரி. நீங்க குடுக்கிற ஸ்டெப்புக்கு டெம்பரேச்சர் மொத்தமே 1 டிகிரிதான் மாறுதுன்னா அது வெறும் 4 படிக்கட்டு, அதுல இருந்து டைம் கான்ஸ்டன்ட் (அவுட்புட் அசைய ஆரம்பிச்சதுல இருந்து மொத்த மாற்றத்துல 63.2% முடிய ஆகுற நேரம்) எடுக்கிறேன்னு சொன்னா யாரும் நம்பக்கூடாது. இன்னொரு விஷயம், இந்த சிப் ஒரு கன்வர்ஷனை முடிக்க 0.22 செகண்ட் வரைக்கும் எடுத்துக்கும், அதைவிட வேகமா போய்க் கேட்டுக்கிட்டே இருந்தா ஒவ்வொரு தடவையும் நடந்துக்கிட்டு இருக்கிற கன்வர்ஷன் நின்னு போய், பழைய எண்ணே திரும்பத் திரும்ப வரும். லாக்ல ஒரே மதிப்பு வரிசையா நின்னா அது சிஸ்டம் செட்டில் ஆனதுன்னு நினைச்சுடாதீங்க, முதல்ல இதைச் சந்தேகப்படுங்க.

சாம்பிளிங் நேரத்துக்கு கன்ட்ரோல் படிச்சவங்க பொதுவா வச்சிருக்கிற அளவுகோல், ரைஸ் டைமுக்குள்ள 4ல இருந்து 10 சாம்பிள் விழணும். ஃபர்ஸ்ட் ஆர்டர் சிஸ்டத்துல 10%ல இருந்து 90% போற ரைஸ் டைம் டைம் கான்ஸ்டன்ட்டைப் போல 2.2 மடங்கு. டைம் கான்ஸ்டன்ட் 90 செகண்ட்னா ரைஸ் டைம் 198 செகண்ட், அப்ப 20ல இருந்து 50 செகண்டுக்கு ஒரு சாம்பிள் போதும். டெட் டைமையும் கொஞ்சம் கிட்டக்கப் பாக்கணும்கிறதால நம்ம உதாரணத்துக்கு 10 செகண்ட் எடுத்துக்குறேன். "வேகமா எடுத்தா நல்லதுதானே"ன்னு 10 மில்லி செகண்டுக்கு ஒண்ணு எடுத்தா, பக்கத்துப் பக்கத்து சாம்பிள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எண்ணா இருக்கும், டேப் எண்ணிக்கை ஆயிரக்கணக்குல போகும், கணக்கு உங்களைக் கைவிட்டுடும். லாக்கர் வேகமா எடுத்துத்தான் ஆகும்னா எடுக்கட்டும், ஆனா அப்புறம் ஃபில்டர் போட்டு குறைச்சுக்கோங்க, ஃபில்டர் இல்லாம நடுநடுவுல பொறுக்கினா ஹை ஃப்ரீக்வென்சி நாய்ஸ் எல்லாம் மடிஞ்சு கீழ வந்து உக்காந்துக்கும்.

இன்புட்டும் அவுட்புட்டும் ஒரே கடிகாரத்துல பதிவாகணும். இன்புட் ஒரு ஃபைல்ல, அவுட்புட் வேற கம்ப்யூட்டர்ல, நடுவுல 15 செகண்ட் வித்தியாசம்னா அந்த 15 செகண்டும் டெட் டைம்ல போய்ச் சேர்ந்துடும், அதை எந்த அல்காரிதமும் கண்டுபிடிச்சுக் குடுக்காது.

படி 2: பம்ப் டெஸ்ட்

எளிமையானதுல ஆரம்பிங்க: இன்புட்டை ஒரேயடியா ஒரு அளவு மாத்திட்டு அவுட்புட்டைப் பாக்குறதுதான் பம்ப் டெஸ்ட். 1942ல ஜீக்லரும் நிக்கல்ஸும் பிஐடி (தொழிற்சாலைல அதிகம் ஓடுற ஃபீட்பேக் கன்ட்ரோலர்) டியூனிங்குக்குக் குடுத்த ரெண்டு முறைல ஒண்ணு, ஸ்டெப் குடுத்து வர்ற வளைவுல தொடுகோடு வரைஞ்சு டெட் டைமும் சரிவும் படிக்கிறது. ஐடியா அருமை, ஆனா தொடுகோட்டை எங்க வரையிறதுங்கிறது நாய்ஸ் இருக்கிற டேட்டால ஆளுக்கு ஆள் மாறும். அதுக்குப் பதிலா ரெண்டு புள்ளி முறையைத்தான் நான் எல்லாருக்கும் சொல்லுவேன்.

பிடபிள்யூஎம் 30%ல வச்சு டெம்பரேச்சர் 62 டிகிரில நல்லா நின்னு போச்சு. இப்ப ஒரேயடியா 50%க்கு ஏத்துறோம். காத்திருந்து பாத்தா 86 டிகிரில போய் நிக்குது. மாற்றம் 24 டிகிரி, இன்புட் மாற்றம் 20, ஆக கெயின் 24 ÷ 20 = 1.2 டிகிரி, ஒவ்வொரு சதவீதத்துக்கும். அடுத்தது, 24 டிகிரில 28.3% அளவு 6.8 டிகிரி, அதாவது 68.8 டிகிரியைத் தொட்ட நேரம் எப்போன்னு லாக்ல தேடுறோம், 52 செகண்ட்னு வச்சுக்குவோம். 63.2% அளவு 15.2 டிகிரி, 77.2ஐத் தொட்டது 112 செகண்ட்ல. டைம் கான்ஸ்டன்ட் = 1.5 × (112 − 52) = 90 செகண்ட். டெட் டைம் = 112 − 90 = 22 செகண்ட். இந்த 28.3ங்கிற எண் எங்க இருந்து வந்துதுன்னா, ஃபர்ஸ்ட் ஆர்டர் வளைவு டைம் கான்ஸ்டன்ட்ல மூணுல ஒரு பங்கு நேரத்துல 28.3%ஐயும் முழு டைம் கான்ஸ்டன்ட்ல 63.2%ஐயும் தொடும், ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது மூணுல ரெண்டு பங்கு, அதான் 1.5ஆல பெருக்குறோம். ரெண்டு புள்ளியுமே வளைவு செங்குத்தா ஏறுற இடத்துல இருக்கிறதால நாய்ஸ் பெருசா இடிக்காது.

ஆடி ஆடி நிக்கிற சிஸ்டம்னா, உதாரணமா ஒரு ஸ்பிரிங் மேல இருக்கிற தட்டு, ஒரு பாலத்தோட அதிர்வு, இதுக்கு டைம் கான்ஸ்டன்ட் பேச்சே எடுக்காதீங்க, அடுத்தடுத்த ரெண்டு உச்சத்தை அளங்க. முதல் உச்சம் 10 மிமீ, அடுத்தது 6 மிமீன்னா இயற்கை மடக்கை 10/6 = 0.511, இதுதான் லாகரித்மிக் டெக்ரிமென்ட். இதை √(39.48 + 0.511²)ஆல (39.48ங்கிறது 4π²) வகுத்தா டேம்பிங் ரேஷியோ 0.081. உச்சத்துக்கு உச்சம் 0.5 செகண்ட்னா அதிர்வு வேகம் செகண்டுக்கு 12.57 ரேடியன். டேம்பிங் இவ்ளோ குறைவா இருக்கிறதால நேச்சுரல் ஃப்ரீக்வென்சி 12.61தான், பெருசா மாறல. ரெண்டு உச்சத்தை மட்டும் நம்பாம அஞ்சாறு உச்சம் தள்ளி இருக்கிறதை எடுத்து, இடையில எத்தனை சுற்றோ அதால வகுத்துக்கிட்டா இன்னும் உறுதியா இருக்கும்.

பம்ப் டெஸ்ட் குறைஞ்சது மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டாவது பண்ணணும். ஒரே ஒரு ஸ்டெப் மட்டும் பண்ணி, அந்த நேரம் பாத்து யாரோ ஏசியை ஆன் பண்ணிட்டாங்கன்னா, அந்த மாற்றமும் உங்க கெயின்ல கலந்துடும், கண்டுபிடிக்கவே முடியாது.

படி 3: பிஆர்பிஎஸ், அதாவது கட்டுப்பாடான கலக்கல்

பிளான்ட்ல 20% ஸ்டெப் குடுக்க எந்த ஆபரேட்டரும் விடமாட்டார். சின்ன ஸ்டெப் குடுத்தா நாய்ஸ்ல மூழ்கிடும், செட்டில் ஆகுற வரைக்கும் காத்திருந்தா டிரிஃப்ட் (அவுட்புட் தானா மெதுவா நகர்றது) வந்து கெடுக்கும். இதுக்குத்தான் ரெண்டே ரெண்டு மட்டத்துக்கு நடுவுல ஒழுங்கில்லாத மாதிரி மாறி மாறி அடிக்கிற பிஆர்பிஎஸ் (சூடோ ரேண்டம் பைனரி சீக்வென்ஸ்) சிக்னல். சின்ன அளவுதான், ஆனா நீண்ட நேரம், எல்லா ஃப்ரீக்வென்சியும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகும், நாய்ஸ் சராசரில கரைஞ்சு போகும்.

உருவாக்குறது ரொம்ப சுலபம். 7 பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் எடுத்துக்கோங்க, 7வது பிட்டையும் 6வது பிட்டையும் எக்ஸார் பண்ணி (ரெண்டும் வேற வேறன்னா 1, ஒரே மாதிரின்னா 0) முதல் பிட்ல தள்ளிக்கிட்டே இருங்க, 127 அடிக்கு (ஒரு அடின்னா ஒரு தடவை தள்ளுறது) ஒரு தடவை சுத்தி வரும், அதுல 64 தடவை ஒண்ணு, 63 தடவை பூஜ்யம். ஆரம்பத்துல எல்லா பிட்டும் பூஜ்யமா மட்டும் வைக்காதீங்க, அப்படியே உறைஞ்சு போய் நின்னுடும்.

எவ்ளோ நேரத்துக்கு ஒரு தடவை மாத்துறதுங்கிற முடிவுலதான் உண்மையான திறமை இருக்கு. ரொம்ப வேகமா மாத்தினா பிளாக் சூடாகுறதுக்குள்ள இன்புட் கீழ இறங்கிடும், வேகமான பகுதி நல்லா தெரியும் ஆனா கெயின் சுத்தமா தெரியாது. ரொம்ப மெதுவா மாத்தினா அது வெறும் ஸ்டெப் டெஸ்ட் தான். 7 பிட் வரிசைல ஒரே மட்டத்துல தொடர்ந்து நிக்கிற அதிகபட்ச நீளம் 7 அடி. நம்ம உதாரணத்துல ஒரு அடி 20 செகண்ட்னா அது 140 செகண்ட், டைம் கான்ஸ்டன்ட் 90ஐத் தாண்டுது, ஆனா ரைஸ் டைம் 198ஐத் தொடல. கெயின் ரொம்ப முக்கியம்னா பிட் எண்ணிக்கையைக் கூட்டுங்க இல்லைன்னா பம்ப் டெஸ்ட்ல கிடைச்ச கெயினோட ஒத்துப் பாருங்க, நான் ரெண்டாவதைத்தான் விரும்புவேன் ஏன்னா பிட்டைக் கூட்டினா நேரம் டபுள் டபுளா எகிறும். ஒரு சுற்று 127 × 20 = 2540 செகண்ட், கிட்டத்தட்ட 42 நிமிஷம். ரெண்டு சுற்று ஓட்டுங்க, 508 சாம்பிள் கையில. அளவு 40%ஐ நடுவா வச்சு மேல 5 கீழ 5.

நல்லா மாறுற இன்புட் ஏன் இவ்ளோ முக்கியம்னா, ஒரே ஒரு சைன் வேவ் குடுத்தா அந்த டேட்டால இருந்து ரெண்டு எண்ணுக்கு மேல எந்தக் கொம்பனாலயும் கறக்க முடியாது, ஆம்ப்ளிட்யூடும் ஃபேஸும் அவ்ளோதான். 48 டேப் வேணும்னா (ஏன் 48ன்னு படி 6ல வரும்) இன்புட்ல அவ்ளோ வெவ்வேறு அசைவு இருந்தாகணும். நிறைய பேர் பிளான்ட்டோட மூணு மாச ஹிஸ்டாரியன் (பிளான்ட் டேட்டாவைச் சேமிச்சு வைக்கிற சாஃப்ட்வேர்) டேட்டாவை அள்ளிட்டு வந்து "இதுல இருந்து மாடல் எடுங்க"ன்னு கேக்குறாங்க, வால்வு மூணு மாசமா 47%லயே நின்னிருக்கு, அதுல சிஸ்டத்தைப் பத்தின தகவலே கிடையாது.

படி 4: சுத்தம் பண்றது

முதல் சுற்று ஆரம்பத்துல பிளாக் இன்னும் பழைய நிலைல இருந்து வந்துக்கிட்டு இருக்கும், அந்தப் பகுதியை வெட்டிடுங்க இல்ல ஓட்டுறதுக்கு முன்னாடியே 40%ல நிக்கவிட்டு அப்புறம் ஆரம்பிங்க. பிஆர்பிஎஸ் டேட்டான்னா இன்புட் அவுட்புட் ரெண்டுலயும் சராசரியைக் கழிச்சிடுங்க, மெதுவான டிரிஃப்ட் தெரிஞ்சா நேர்கோட்டு டிரெண்டையும் கழிச்சிடுங்க. ஆனா ஸ்டெப் டெஸ்ட் டேட்டால சராசரியைக் கழிக்கக்கூடாது, இது பாடப்புத்தகம் படிச்சவங்களே தவறவிடுற இடம். அங்க கழிக்க வேண்டியது ஸ்டெப்புக்கு முன்னாடி நின்ன மதிப்பு, அதாவது இன்புட்ல 30, அவுட்புட்ல 62. சராசரியைக் கழிச்சா சிஸ்டம் பூஜ்யத்துல இருந்து கிளம்பலைன்னு ஆகிடும், அல்காரிதம் இல்லாத ஒரு ஆரம்ப நிலையை விளக்கப் பாத்து குழம்பும்.

திடீர்னு ஒரு சாம்பிள் 400 டிகிரின்னு குதிச்சிருந்தா அதைத் தூக்கிட்டு பக்கத்து ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதைப் போடுங்க. நூறு சாம்பிள் தொடர்ந்து காணோம்னா நடுவுல கோடு போட்டு நிரப்பாதீங்க, டேட்டாவை ரெண்டு துண்டா வச்சுக்கிட்டு ரெண்டையும் தனித்தனி சோதனையா எடுத்துக்கோங்க.

படி 5: கோரிலேஷன் வழி

இன்புட் முழுக்க வொய்ட் நாய்ஸ் (ஒரு சாம்பிளுக்கும் இன்னொண்ணுக்கும் சம்பந்தமே இல்லாத சிக்னல்) மாதிரி இருந்தா வேலை ரொம்பவே சுலபம், இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் கிராஸ் கோரிலேஷன் (இன்புட்டை ஒவ்வொரு சாம்பிளா தள்ளி வச்சு அவுட்புட்டோட எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு அளக்கிறது) எடுத்து இன்புட் வேரியன்ஸால வகுத்தா அதுவே இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். ஆனா நம்ம இன்புட் 20 செகண்டுக்கு ஒரு தடவை மாறுது, சாம்பிள் 10 செகண்டுக்கு ஒண்ணு, அதனால பக்கத்துப் பக்கத்து இன்புட் சாம்பிளுக்கு நடுவுல 0.5 கோரிலேஷன் இருக்கு. அப்படியே கிராஸ் கோரிலேஷன் எடுத்தா ஒவ்வொரு டேப்பும் பக்கத்து டேப் மேல வழிஞ்சு, டெட் டைம் ஒரு சாம்பிள் குறைவா தெரியும்.

தீர்வு ப்ரீவொய்ட்டனிங். இன்புட்டுக்கு மட்டும் ஒரு ஏஆர் மாடல் (முந்தின மதிப்புகளை வச்சே அடுத்த மதிப்பைச் சொல்ற மாடல்) ஃபிட் பண்ணுங்க, 10வது ஆர்டர் பெரும்பாலும் போதும். அந்த மாடலோட தலைகீழ் ஃபில்டரை இன்புட் மேலயும் ஓட்டுங்க, அதே ஃபில்டரை அவுட்புட் மேலயும் ஓட்டுங்க. ரெண்டு பக்கமும் ஒரே ஃபில்டர் போனதால நடுவுல இருக்கிற சிஸ்டம் மாறாது, ஆனா இன்புட் இப்ப வொய்ட் ஆகிடுச்சு. இப்ப கிராஸ் கோரிலேஷன் எடுங்க. நார்மலைஸ் பண்ணின கோரிலேஷன்ல 99% எல்லை தோராயமா ±2.58/√சாம்பிள் எண்ணிக்கை, நமக்கு 508 சாம்பிள்னா ±0.114. அதுக்குள்ள விழுறதை பூஜ்யம்னு எடுத்துக்கோங்க.

பழகிப் பாக்க நல்ல டேட்டா வேணும்னா பாக்ஸும் ஜென்கின்ஸும் 1970ல வெளியிட்ட காஸ் ஃபர்னஸ் டேட்டாவைத் தேடி எடுங்க, 296 ஜோடி, 9 செகண்டுக்கு ஒண்ணு, இன்புட் உள்ள போற காஸ் அளவு, அவுட்புட் வெளிய வர்ற வாயுல கார்பன் டை ஆக்சைடு சதவீதம். ப்ரீவொய்ட்டன் பண்ணி வரைஞ்சா 0, 1, 2 லேக்ல (லேக்னா எத்தனை சாம்பிள் தள்ளிங்கிறது) ஒண்ணுமே இருக்காது, 3வது லேக்ல இருந்து எல்லையைத் தாண்டி கீழ இறங்கும், ஆக டெட் டைம் 3 சாம்பிள், 27 செகண்ட். ப்ரீவொய்ட்டன் பண்ணாம அதே படத்தை வரைஞ்சு பக்கத்துல வச்சுப் பாருங்க, எல்லா லேக்லயும் ஒரு பெரிய வழவழ மேடுதான் இருக்கும், எங்க ஆரம்பிக்குதுன்னே சொல்ல முடியாது. இந்த ஒரு வித்தியாசத்தைக் கண்ணால பாத்தவங்க அந்தப் படியை அதுக்கப்புறம் தாண்டிப் போகவே மாட்டாங்க.

இதோட இன்னொண்ணும் சொல்லிடுறேன். மேட்லாப் சிஸ்டம் ஐடென்டிஃபிகேஷன் டூல்பாக்ஸ் வச்சிருக்கவங்களுக்கு அதோடயே டிரையர்2ன்னு ஒரு டேட்டா வரும், குழாய்ல ஊதுற காத்தை சூடாக்குற லேப் செட்டப், 1000 சாம்பிள், 0.08 செகண்டுக்கு ஒண்ணு. அதுலயும் டெட் டைம் 3 சாம்பிள், 0.24 செகண்ட். ரெண்டையும் பண்ணிப் பாருங்க.

படி 6: லீஸ்ட் ஸ்கொயர்ஸ்ல நேரடியா டேப் எடுக்கிறது

இன்னிக்கு கம்ப்யூட்டர் இருக்கிற வசதிக்கு நான் கோரிலேஷனை முதல் பார்வைக்கு மட்டும் வச்சுக்கிட்டு, உண்மையான எண்ணுக்கு லீஸ்ட் ஸ்கொயர்ஸ், அதாவது பிழைகளோட வர்க்கத்தைக் கூட்டி அதைக் குறைஞ்சதாக்குற வழிக்கு வந்துடுவேன். எத்தனை டேப் வேணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க: டெட் டைம் + 5 டைம் கான்ஸ்டன்ட் = 22 + 450 = 472 செகண்ட், 10ஆல வகுத்தா 48 டேப். இப்ப ஒரு பெரிய மேட்ரிக்ஸ் கட்டுறோம். ஒவ்வொரு வரிசையும் ஒரு அவுட்புட் சாம்பிளுக்கு, அந்த வரிசைல போன சாம்பிள் இன்புட், அதுக்கு முந்தினது, அதுக்கு முந்தினதுன்னு 48 எண். அடுத்த வரிசைல எல்லாம் ஒரு கட்டம் வலது பக்கம் நகர்ந்து, புது இன்புட் முதல் கட்டத்துல வந்து உக்காரும். முதல் 48 சாம்பிளுக்கு முழு வரலாறு இல்ல, அதனால 460 வரிசை கிடைக்கும். பைத்தான்ல நம்ப்பையோட லீஸ்ட் ஸ்கொயர்ஸ் ஃபங்ஷனுக்கு இந்த மேட்ரிக்ஸையும் அவுட்புட்டையும் குடுத்தா 48 டேப் வந்துடும், ஒரே வரி.

நம்ம உதாரணத்துல என்ன வரணும்னு கையாலயே கணக்குப் போடலாம். டெட் டைம் 22 செகண்ட், அதனால 10லயும் 20லயும் ஒண்ணும் இல்ல, முதல் ரெண்டு டேப் பூஜ்யம். 30வது செகண்ட்ல பிளாக்குக்கு 8 செகண்ட் சூடு கிடைச்சிருக்கு, மூணாவது டேப் 0.102. நாலாவது 0.115, அஞ்சாவது 0.103, அங்க இருந்து ஒவ்வொண்ணும் முந்தினதுல 0.895 மடங்கா குறைஞ்சுக்கிட்டே போகும். மூணாவது நாலாவதைவிட குறைவா இருக்கே ஏன்னா, டெட் டைம் சாம்பிளுக்கு நடுவுல விழுறதால தான். இந்த மாதிரி ஆரம்பத்துல ஒரு அரைகுறை டேப் தெரிஞ்சா டெட் டைம் முழு சாம்பிள் எண்ணிக்கைல இல்லைன்னு புரிஞ்சுக்கலாம்.

எல்லை எவ்ளோன்னும் தோராயமா பாத்துடலாம். நாய்ஸ் 0.3 டிகிரி, இன்புட் அசைவு 5, சாம்பிள் 508, இன்புட் வொய்ட்டா இருந்தா ஒவ்வொரு டேப்போட பிழை 0.3 ÷ (5 × √508) = 0.0027. 99%க்கு ±0.007. டேப் 0.1 இருக்கும்போது இது அருமையான நிலை. இன்புட் அளவைப் பாதியாக்குனா பிழை டபுள் ஆகும், அதைச் சரிக்கட்ட நேரத்தை நாலு மடங்காக்கணும், ஆபரேட்டர்கிட்ட பேசும்போது இந்தக் கணக்கைக் காட்டிப் பேசுங்க, புரிஞ்சுப்பாங்க.

ஆனா நிஜத்துல வரைஞ்சா டேப்கள் மேல கீழ மேல கீழன்னு ரம்பம் மாதிரி ஆடும். காரணம் நம்ம இன்புட்தான். ஒவ்வொரு மட்டமும் ரெண்டு சாம்பிள் நிக்கிறதால, சாம்பிளுக்கு சாம்பிள் மாறுற அந்த உச்ச ஃப்ரீக்வென்சில இன்புட்டுக்கு சக்தியே கிடையாது, அந்தத் திசைல டேட்டாவுக்கு எதுவும் தெரியாததால நாய்ஸ் அங்க போய் வளருது. டேப்களைக் கூட்டி ஸ்டெப் ரெஸ்பான்ஸா வரைஞ்சா மேல கீழ ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு வழவழன்னு ஆகிடும், அதனால இம்பல்ஸ் படம் அசிங்கமா இருக்குன்னு டேட்டாவைத் தூக்கி எறியாதீங்க.

படி 7: ரெகுலரைசேஷன்

டேப் எண்ணிக்கை கூடக்கூட பிழை கூடும், குறைச்சா வால் பகுதி வெட்டுப்பட்டு கெயின் தப்பா வரும். இந்த இழுபறிக்கு 2010ல பில்லோனெட்டோவும் டி நிக்கோலாவோவும் கொண்டு வந்த சிந்தனை ரொம்ப முக்கியமானது: நிலையான சிஸ்டத்தோட இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் வழவழன்னு இருக்கும், கடைசில பூஜ்யத்துக்குத் தேயும், இது நமக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம்தானே, அதைக் கணக்குக்குள்ள சேர்த்துடலாமே. இப்படிச் சேர்க்கிறதுதான் ரெகுலரைசேஷன். 2012ல சென், ஓல்சன், யுங் மூணு பேரும் இதை ட்யூன்ட் கோரிலேட்டட், சுருக்கமா டிசி (TC) கெர்னல்னு ரொம்ப எளிமையான வடிவத்துல குடுத்தாங்க.

செய்முறை இதுதான். 48க்கு 48 ஒரு மேட்ரிக்ஸ், அதுல ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு அளவு எண் × லாம்டாவோட அடுக்கு, அடுக்கு என்னன்னா வரிசை எண்ணும் நிரல் எண்ணும் ரெண்டுல எது பெருசோ அது. லாம்டா 0க்கும் 1க்கும் நடுவுல. படி 6ல லீஸ்ட் ஸ்கொயர்ஸ் பண்ணும்போது, தலைகீழாக்குற மேட்ரிக்ஸோட நாய்ஸ் வேரியன்ஸ் × இந்த மேட்ரிக்ஸோட இன்வர்ஸைக் கூட்டிக்கோங்க, அவ்ளோதான். ஆரம்பத்துக்கு லாம்டா எவ்ளோ வைக்கலாம்? நம்ம டேப்கள் 0.895 மடங்கா தேயுது, கெர்னல் சொல்றது வேரியன்ஸைப் பத்தி, அதனால 0.895ஐ வர்க்கம் பண்ணி 0.80ல ஆரம்பிங்க. அப்புறம் மார்ஜினல் லைக்லிஹுட் (கையில இருக்கிற டேட்டா வர்றதுக்கான வாய்ப்பு) எதுக்கு அதிகமா வருதோ அந்த லாம்டாவையும் அளவு எண்ணையும் தேடி எடுக்கலாம், ரெண்டே எண் தான், ஒரு சின்ன கிரிட் போட்டாலே போதும். சாதாரண ரிட்ஜ் ரெக்ரஷன் இங்க சரிப்படாது, அது ஆரம்ப டேப்பையும் கடைசி டேப்பையும் ஒரே மாதிரி அமுக்கும், நமக்கு வேண்டியது கடைசியை மட்டும் அமுக்குறது.

இதைப் போட்டதும் ரம்பம் மறைஞ்சு, டேப் எண்ணிக்கையை 48ல இருந்து 80 ஆக்கினாலும் படம் அசையாம நிக்கும். டெட் டைம் பக்கம் மட்டும் கவனம், கெர்னல் வழவழப்பை விரும்புறதால முதல் ரெண்டு பூஜ்ய டேப்ல கொஞ்சம் கசிவு வரலாம், அதனால டெட் டைமை ரெகுலரைஸ் பண்ணாத படத்தோட எல்லையை வச்சே படிங்க.

படி 8: படத்தைப் படிக்கிறது

எல்லையைத் தாண்டுற முதல் டேப் டெட் டைமைச் சொல்லும். ஸ்டெப் ரெஸ்பான்ஸ் கடைசி மதிப்புல ±2% பட்டைக்குள்ள போய் திரும்ப வெளிய வராத நேரம் செட்டிலிங் டைம். ஆரம்பத்துல எதிர்த் திசைல போய்ட்டு திரும்பினா இன்வர்ஸ் ரெஸ்பான்ஸ், பாய்லர் டிரம் லெவல்ல இதைத் தினமும் பாக்கலாம், ஃபீட் வாட்டர் கூட்டினா குளிர்ந்த தண்ணி போய் நீராவிக் குமிழ் சுருங்கி லெவல் முதல்ல இறங்கும், அப்புறம்தான் ஏறும். இதைப் பாக்காம ஃபர்ஸ்ட் ஆர்டர் மாடல் போட்டா அந்த இறக்கத்தை டெட் டைம்னு எடுத்துக்கும். ஸ்டெப் ரெஸ்பான்ஸ் நிக்காம ஏறிக்கிட்டே போனா அது இன்டகிரேட்டிங் சிஸ்டம், தொட்டி லெவல் மாதிரி, அவுட்புட்டோட சாம்பிள் வித்தியாசத்தை எடுத்து அதையே அவுட்புட்டா வச்சு திரும்பப் பண்ணுங்க.

கெயினைப் படிக்கும்போது ஜாக்கிரதை, ஒவ்வொரு டேப்போட சின்னப் பிழையும் கூட்டும்போது சேர்ந்துக்கிட்டே போகும், அதனால ஸ்டெப் ரெஸ்பான்ஸோட எல்லை வலது பக்கம் போகப்போக விரியும். டிரிஃப்ட் இருந்தா இன்னும் மோசம். பம்ப் டெஸ்ட்ல 1.2 வந்துது, இங்க 1.1 வந்துதுன்னா நான் பம்ப் டெஸ்ட்டைத்தான் நம்புவேன், வேகமான பகுதிக்கு பிஆர்பிஎஸ்ஸை நம்புவேன்.

படி 9: கன்ட்ரோலர் ஓடிக்கிட்டு இருந்தா

டேட்டா எடுத்த நேரம் பிஐடி ஆட்டோல இருந்துதா? இந்தக் கேள்வியைக் கேக்காம எந்த டேட்டாவையும் தொடாதீங்க. கன்ட்ரோலர் என்ன பண்ணும், டெம்பரேச்சர் இறங்கினா ஹீட்டரை ஏத்தும். அந்த டேட்டாவை மேல சொன்ன கோரிலேஷன்ல போட்டா ஹீட்டர் ஏறினா டெம்பரேச்சர் இறங்குதுன்னு வரும். வெளிய இருந்து எந்த அசைவும் குடுக்காம நாய்ஸ் மட்டுமே எல்லாத்தையும் ஆட்டி வச்ச டேட்டான்னா, நீங்க எடுக்கிறது பிளான்ட்டே கிடையாது, கன்ட்ரோலரோட தலைகீழ், மைனஸ் குறியோட.

கண்டுபிடிக்க ஒரு அழகான சோதனை இருக்கு. படி 6 மேட்ரிக்ஸ்ல வருங்கால இன்புட் சாம்பிளையும் ஒரு பத்து நிரல் சேர்த்துடுங்க, அதாவது நெகட்டிவ் லேக். ஓபன் லூப் (கன்ட்ரோலர் ஓடாத) டேட்டால அந்தப் பத்தும் எல்லைக்குள்ள இருக்கணும், ஏன்னா இன்னும் குடுக்காத இன்புட் இன்னிக்கு அவுட்புட்டை மாத்த முடியாது. அங்க ஏதாவது தலை தூக்கினா அவுட்புட்டைப் பாத்து இன்புட் மாறியிருக்கு, ஃபீட்பேக் இருக்குன்னு அர்த்தம். அப்ப என்ன பண்றது? லூப்பைத் திறக்க முடிஞ்சா திறங்க. முடியாதுன்னா செட்பாயின்ட்ல (கன்ட்ரோலருக்குக் குடுக்கிற இலக்கு மதிப்பு) பிஆர்பிஎஸ் குடுங்க, செட்பாயின்ட்ல இருந்து அவுட்புட்டுக்கு ஒரு மாடல், செட்பாயின்ட்ல இருந்து கன்ட்ரோலர் அவுட்புட்டுக்கு ஒரு மாடல் எடுத்து, முதலாவதை ரெண்டாவதால வகுத்துடுங்க. செட்பாயின்ட்டுக்கு நாய்ஸோட எந்த சம்பந்தமும் இல்லாததால ரெண்டு மாடலும் சுத்தமா வரும்.

படி 10: இப்பத்தான் மாடல்

கையில டெட் டைம் இருக்கு, வடிவம் இருக்கு, இப்ப ஆர்டரை முடிவு பண்றது சுலபம். சந்தேகமா இருந்தா டேப்களை ஹேங்கல் மேட்ரிக்ஸா (ஒவ்வொரு வரிசையும் ஒரு டேப் தள்ளி ஆரம்பிக்கிறது) அடுக்கி சிங்குலர் வேல்யூ (மேட்ரிக்ஸ்ல ஒவ்வொரு தனித் திசைக்கும் எவ்ளோ பலம்கிற எண்) பாருங்க, பெரிய மதிப்பு எத்தனையோ அதுதான் ஆர்டர். இதை வச்சே நேரா ஸ்டேட் ஸ்பேஸ் மாடல் எடுக்கிற இரா (ஐகன்சிஸ்டம் ரியலைசேஷன் அல்காரிதம்) முறையை 1985ல நாசா லாங்லி மையத்துல இருந்த ஜுவாங்கும் பாப்பாவும் குடுத்தாங்க, கலிலியோ விண்கலத்தோட அதிர்வு டெஸ்ட் டேட்டால அதைப் பயன்படுத்திக் காட்டினாங்க. நாய்ஸான டேப்பைப் போட்டா எல்லா சிங்குலர் வேல்யூவும் படிப்படியா இறங்கி எங்க வெட்டுறதுன்னே தெரியாது, அதனால ரெகுலரைஸ் பண்ணின டேப்பைக் குடுங்க.

சரி பாக்குறதுக்கு ஃபிட் பண்ணின அதே டேட்டாவை எடுக்காதீங்க. பிஆர்பிஎஸ்ல எடுத்த மாடலை பம்ப் டெஸ்ட் மேல ஓட்டிப் பாருங்க, இன்புட்டை மட்டும் குடுத்து முழு அவுட்புட்டையும் சிமுலேட் பண்ணணும், ஒரு சாம்பிள் முன்னாடி ப்ரெடிக்ஷன் காட்டி ஏமாறாதீங்க, நாளைக்கும் இன்னிக்கு டெம்பரேச்சர்தான்னு சொன்னாலே அதுல 95% வந்துடும். மிச்சப் பிழைக்கும் இன்புட்டுக்கும் கிராஸ் கோரிலேஷன் எடுங்க, எல்லைக்குள்ள இருந்தா இன்புட்ல இருந்து வர வேண்டியது எல்லாம் வந்துடுச்சு. மிச்சப் பிழை தனக்குள்ளயே கோரிலேட் ஆகி இருந்தா பரவாயில்ல, அது நாய்ஸோட குணம், டிரான்சியன்ட் ரெஸ்பான்ஸ் மட்டும் வேணும்கிறவங்க அதுக்காக தூக்கம் கெட வேண்டாம்.

கடைசியா மேல போன ஸ்டெப்பையும் கீழ வந்த ஸ்டெப்பையும் தனித்தனியா ஃபிட் பண்ணிப் பாருங்க. சூடு ஏற ஏற ரேடியேஷன்ல போற வெப்பம் வேகமா கூடும், அதனால 60 டிகிரில இருக்கிற கெயின் 300 டிகிரில இருக்காது, குறையும். ஹீட்டரால சூடாக்கத்தான் முடியும், குளிர வைக்க முடியாது, பிடபிள்யூஎம் 0%ஐத் தொட்டுட்டா அங்க இருந்து லீனியர் மாடலுக்கு வேலை இல்ல. அதனால மாடல் ஃபைலை சேவ் பண்ணும்போது வெறும் எண்ணை மட்டும் எழுதாதீங்க: கெயின் 1.2, டைம் கான்ஸ்டன்ட் 90 செகண்ட், டெட் டைம் 22 செகண்ட், 62ல இருந்து 86 டிகிரி வரைக்கும், ஃபேன் ஓடும்போது, லூப் மேனுவல்ல, எல்லை இவ்ளோ, டெஸ்ட் தேதி இதுன்னு எல்லாத்தையும் ஒண்ணா எழுதி வைங்க, ஆறு மாசம் கழிச்சு ஃபேனை மாத்தினவங்க அந்த ஃபைலைத் திறக்கும்போது திரும்ப டெஸ்ட் பண்ணணுமா வேண்டாமான்னு அதுலயே தெரிஞ்சிடும்.